எட்டாவது கை

மில்வாக்கியில் பிப்ரவரி.
ஏரிக்காற்று ஒவ்வொரு கதவிடுக்கிலும் விரல் விட்டுப் பார்க்கிறது,
யார் வீட்டில் எரிவாயுவைத் துண்டித்திருக்கிறார்கள் என்று.

ஒன்பது பேர். ஆளுக்கு வாரம் நாற்பது டாலர்.
டிரினிடாடிலிருந்து வந்த கெசாயாவின் அம்மா
இதைச் சூசூ என்பாள்.
ஒவ்வொரு முறைக்கும் ஒரு ‘கை’ என்று பெயர்.
வட்டியில்லை, பத்திரமில்லை,
வாய்ச்சொல்தான் பூட்டு.
நோட்டு என்னிடம்.
நான் வரைகிறவளில்லை, வாசிக்கிறவளுமில்லை.
நகரப் பேருந்து ஓட்டுகிறேன்.
ஆள்குறைப்பில் தப்பிய சம்பளம் என்னுடையது மட்டும் என்பதால்
கணக்கை என் மடியில் வைத்தார்கள்.

போன மார்ச்சில் உணவகங்கள் மூடின,
அவற்றின் மூலையில் இருந்த சின்ன மேடைகளும்.
கோடையில் ஊர்வலங்கள்.
அப்போதுதான் அறக்கட்டளைகளுக்குத் திடீரென
எங்கள் முகவரி தெரிந்தது.
‘உங்களோடு நிற்கிறோம்’ என்று எழுதினார்கள்.
நிற்கட்டும்.
கூடவே பதினோரு பக்க விண்ணப்பம்:
உங்கள் துயரத்தை உங்கள் கலை எப்படிப் பேசுகிறது?
முந்நூறு சொற்களுக்குள்.

கெசாயா வரைவது துணிகளை.
சலவைக்கடை ஜன்னலில் மதியம் மூன்று மணி வெயில்
ஒரு மஞ்சள் போர்வையை என்ன செய்கிறதோ
அதை.
“காயத்தைக் காட்டினால் காசு.
போர்வையைக் காட்டினால்?” என்றாள்.
அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு அனுப்பினாள்.
பதில்கூட வரவில்லை.

எட்டாவது கை அவளுடையது.
முந்நூற்று அறுபது டாலர், ரப்பர் வளையம் போட்டு.
எரிவாயுவுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கட்டினாள்.
மிச்சத்துக்கு அரிசி, அவரை, ஒரு ஜோடி கம்பளிக் காலுறை.
தூரிகையைத் தொடவேயில்லை.
மூன்று வாரம் தூங்கினாள்.

“ஒரு கோடுகூடப் போடலையே, கேட்க வேண்டாமா?”
என்றான் லவோன்ட்.
அவன் களிமண் பிசைகிறவன்; சூளை ஆறக் காத்திருக்கத் தெரியும்,
மனுஷி ஆறத் தெரியாது.
நோட்டைப் புரட்டிக் காட்டினேன்:
பெயர், தேதி, தொகை.
‘எதற்கு’ என்றொரு பத்தி நான் போடவேயில்லை.
இரண்டு வாரம் அவன் கட்டாமல் போனதையும்
யாரோ அவன் பெயரில் கட்டியதையும்
பென்சிலால்தான் குறித்திருக்கிறேன்.
அவன் அதைப் பார்த்தான். தொப்பியைக் கீழே இழுத்துக்கொண்டான்.

நேற்று வண்டி அவள் தெருவில் திரும்பியபோது
மாடி ஜன்னலில் ஒரு மஞ்சள் துணி.
காயப் போட்டிருக்கலாம்.
வரைவதற்குக் கட்டியிருக்கலாம்.
நிறுத்தமில்லாத இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போனேன்,
பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.

ஒன்பதாவது கை ஒடெலுக்கு.
அவனுடைய டிராம்போன்
டிசம்பரிலிருந்து அடகுக்கடைக் கண்ணாடிக்குள் படுத்திருக்கிறது,
காதில் ஒரு விலைச்சீட்டோடு.
இன்றுதான் கெடு.
கடை ஐந்து மணிக்கு மூடும்,
இப்போது நாலு இருபது,
இன்னும் ஒருவருடைய நாற்பது வரவில்லை.
என் பையைத் துழாவுகிறேன்.
பென்சில் அகப்படுகிறது முதலில்.