மார்பளவு

புதுவயல் அரிசி மில் ஆபீஸில்
எடைச்சீட்டுக் கட்டை ஓரம் தள்ளி
மடிக்கணினியைத் திறந்தேன். மணி மூன்று.
திரையில் என் பெயர்
நாச்சியப்பன், 9-பி.
மகனின் ஊரடங்கு வகுப்பில் ஒட்டியது,
உரிக்கத் தெரியவில்லை.

"வணக்கம் நாச்சியப்பன்" என்றார் வெளித்தேர்வாளர்.
"உமையாள், ஐயா."
"பின்னால் என்ன, மழையா?"
"சல்லடையில் நெல் விழுகிறது."

ஆறு வருஷம்.
நெறியாளரை மார்பளவில்தான் தெரியும் எனக்கு.
அதே நீலச் சட்டை, அதே காலண்டர்.
மூன்றாம் இயலைப் பதினோரு தடவை
'சற்றே திருத்துக' என்று திருப்பியனுப்பியவர்.
அந்தச் சற்றேயில்
எத்தனை ராத்திரி போயிற்று என்று
கணக்குப்பிள்ளை நானே எழுதிவைக்கவில்லை.

"அவித்த நெல்லில் நொய் விழுவதற்கு
இருநூற்று எண்பது பக்கமா?"
"முழு அரிசியை எடைபோட்டால் போதும் ஐயா,
உடைந்ததற்குத்தான் காரணம் எழுத வேண்டும்."

யாரோ சிரித்தார்கள்.
பிறகு என்னை வெளியே நிறுத்தி
ஏதோ பேசினார்கள்.
திரும்ப உள்ளே விட்டபோது
நெறியாளர் எழுந்து நின்றார்,
"வாழ்த்"

கரண்ட் போனது.
மில் மொத்தமும் மூச்சை நிறுத்தியது.
திரையில் உறைந்து நின்றார் அவர்:
தலை சட்டத்துக்கு மேலே போய்விட்டது,
நீலச் சட்டை, அதற்குக் கீழே
பச்சைக் கட்டம் போட்ட கைலி.

சாக்குத் தைக்கும் ஊசியோடு
சேவுகன் எட்டிப் பார்த்தான்.
"யாருக்கா இது?"
"எங்க சார்."
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"நல்ல உசரம்."