எடை மட்டும்

சித்ரபானு வருஷம், சித்திரை.
ஜப்பான்காரன் வருகிறான் என்று
பட்டணம் பூட்டைப் போட்டுவிட்டு ரயிலேறியது.
நான் போகவில்லை.
எனக்கு ஒரு தராசும் சர்க்கார் சம்பளமும் இருந்தன.

தங்கசாலைத் தெருக் கோடியில் தகரக் கொட்டகை.
பூங்கா வேலிக் கம்பி வந்தது,
டிராம் வண்டியின் கைப்பிடி வந்தது,
ராயபுரம் பேண்டு செட்டிலிருந்து
அருளப்பன் தூக்கிவந்த நசுங்கிய எக்காளம்
தட்டில் வைத்ததும் ஒருமுறை முனகியது.
பித்தளைக்குத்தான் கிராக்கி.
தோட்டாவின் கூடு அதில்தானாம்.

வைகாசியில் பூட்டிய வீடுகள்
சாவியில்லாமல் திறக்கத் தொடங்கின.
கைவண்டி கைவண்டியாகத்
தவலை, அண்டா, அடுக்கு, குடம்.
கழுத்தில் பேர் வெட்டியிருக்கும்:
மு. கனகவல்லி.
தெ. சரபேஸ்வரன், சீமந்த வரிசை.
என் பேரேட்டில் தேதி, வகை, எடை, விலை.
பேருக்குப் பத்தி கிடையாது.

ஒரு புதன்கிழமை மத்தியானம்
ஏகாம்பரம் இறக்கிய மூட்டையில்
வே. பங்கஜவல்லி, பிரமோதூத வருஷம், தை.

திருத்தணியில் அண்ணன் வீட்டில்
ஏழு மாசமாய் இருந்தாள்,
என் பெண்சாதி.

"இது எந்த வூட்டுது?" என்று நான் கேட்கவில்லை.
இதைக் கேட்டால்
அதுவரை கேட்காத முந்நூற்றுச் சொச்சத்தையும்
கேட்க வேண்டும்.
ஏகாம்பரம் என் முகத்தைப் பார்க்காமல்
பீடியைப் பற்றவைத்தான்.

ஆறு வீசை, முப்பது பலம்.
கையெழுத்துக்கூட நடுங்கவில்லை.

பிள்ளையோடு மறுவருஷம் வந்து இறங்கினாள்.
ஜட்காக்காரன் கொடுத்த மீதிச் சில்லறையில்
ஓட்டைக் காலணா ஒன்று.
கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்தாள்.
"நடுவுல இருந்த செம்பு எங்கே?"
"சண்டைக்குப் போயிருக்கு."
சிரித்தாள்.

அடுக்களைக்குள் போனாள்.
வெகுநேரம் சத்தமே இல்லை.
தவலை இருந்த இடத்தில்
தரை மட்டும் வட்டமாய் வெளுத்திருந்தது.

"அதுவும் சண்டைக்கா?"

தலையாட்டினேன்.
தூளியில் பிள்ளை அழுதது. அவள் எடுக்கப் போகவில்லை.

"நீங்களே எடை போட்டீங்களா?"

"ஆமா."

"எவ்வளவு இருந்தது?"

சொன்னேன்.

"வாங்கறப்ப ஏழு" என்றாள்.

பத்துப் பலம்.
பன்னிரண்டு வருஷம் அவள் தேய்த்த
புளியிலும் சாம்பலிலும் போனதா,
என் தராசில் போனதா
என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.
அவள் கேட்கவும் இல்லை.
மறுநாள் மண்பானை ஒன்று வாங்கிவந்து
அந்த வெளுத்த வட்டத்தின் மேல்
சற்றுத் தள்ளி வைத்தாள்.