மறுகால்

இரவு ஒன்று நாற்பது.
சுட்டி நகரவில்லை.
மாலை பிடித்த மணப்பெண் கை
பாதி வழியில் நிற்கிறது.
மாப்பிள்ளை குனிந்த கழுத்தோடு
பத்து நிமிஷமாய்க் காத்திருக்கிறார்.
பெட்டியின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு அல்ல,
விடாமல் எரிகிறது.
உள்ளே ஹார்டு டிஸ்க்
அரிசிப் பானைக்குள் மாட்டிய சுண்டெலியாய்.

காலை பத்துக்குக் கேட்டிருக்கிறார்
மானூர் உச்சிமாகாளி அண்ணாச்சி.
"புள்ளைய மறுவீட்டுக்கு அனுப்புதோம்மா,
பென் டிரைவக் கையோட குடுத்து விடணும்."
மூன்று மணி நேரக் கல்யாணம்.
என்னிடம் நாலு ஜிபி ராம்.

ராம் நிறைந்தால்
இப்போதைக்கு வேண்டாததை
டிஸ்கில் ஒரு மூலையில் இறக்கி வைக்கும்.
கேட்டால் ஏற்றி வரும்.
அந்த மூலைக்கு ஸ்வாப் என்று பேர்.
இறக்கவும் ஏற்றவும்
இறக்கவும் ஏற்றவுமாய்
இன்றைக்கு அது வேறு வேலையே பார்க்கவில்லை.

சமாதானபுரத்து மாடியில் இருந்துகொண்டு
நான் இதைப் பாளையங்கால்வாய் கணக்கில்தான் புரிந்துகொண்டேன்.
கால் கொள்ளாததைக் குளம் வாங்கும்.
குளம் கொள்ளாதது மறுகால் பாயும்,
கீழ்க்குளம் வாங்கும்.
வேய்ந்தான்குளத்துப் பக்கம் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது.
பெருமழை நாளில் தண்ணீர்
பழைய நினைப்பில் அங்கே வந்து
இடுப்பளவு நிற்கும்,
எந்தப் பேருந்திலும் ஏறாமல்.

கறுப்புத் திரை திறக்கவே ஏழு நிமிஷம்.
ஸ்வாப்: இரண்டு ஜிபி.
மிச்சம்: பூஜ்யம்.
இதற்கு மேல் போனால் கெர்னல் ஒரு காரியம் செய்யும்.
அதிகம் தின்கிறவன் எவன் என்று பார்த்து
அவனை வெட்டிச் சாய்க்கும்.
போன மாதம் ஒரு காதுகுத்து அப்படித்தான் போயிற்று.
கெர்னலை முந்திக்கொண்டு
நானே கல்யாணத்தை நிறுத்தினேன்.

ஸ்வாப்பை எட்டாக்க வேண்டும்.
டிஸ்கில் இடம் இல்லை.
எல்லாம் வேண்டியவை, ஒன்றைத் தவிர:
'டோனாவூர் நிச்சயம்'. பதினோரு ஜிபி. மூன்று வருஷம்.
கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்க
மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள்.
வீடியோ வாங்க யாரும் வரவில்லை.
பாக்கி ஏழாயிரம் கேட்க எனக்கு வாய் வரவில்லை,
அழிக்கக் கை வரவில்லை.
நடுவில் ஒருதரம் டிஸ்க் மாற்றினேன்,
அதையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஒரே ஒரு துண்டைத் திறந்தேன்.
எப்சிபா. மஞ்சள் பட்டு.
யாரும் பார்க்கவில்லை என்று
நிச்சயத் தட்டிலிருந்து ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டு
திரும்பினால் கேமரா.
சிரிக்கிறாள்.
வாயில் முந்திரியோடு கையாட்டுகிறாள்:
"யக்கா, இத வெட்டிருங்க."

எத்தனை தடவை பார்த்திருப்பேன்.
அது எனக்குச் சொன்ன வேலை என்று
இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

வெட்டினேன்.

எட்டு ஜிபிக்குப் பூஜ்யம் பூஜ்யமாய் எழுதி
இதுதான் இனி உன் மூலை என்று காட்டினேன்.
அவள் இருந்த அதே இடத்தில்தானா, தெரியாது.
எவ்வளவு சீக்கிரம் இறக்கி வைக்கலாம் என்பதற்கு
ஓர் எண் உண்டு. அறுபது இருந்தது.
பத்தாக்கினேன்.
தாங்குகிற மட்டும் தாங்கு என்று அதற்கு அர்த்தம்.

மூன்றே காலுக்குக்
கை நகர்ந்தது. மாலை விழுந்தது.
ஸ்வாப்பில் மூன்று ஜிபி ஏறியிருந்தது:
அண்ணாச்சி மகளின் ஒட்டியாணம், ஆரத்தி,
பந்தியில் இரண்டாவது தடவை சொதி கேட்கிற யாரோ ஒருவர்,
எல்லாரும் கூப்பிடுகிற வரை அங்கே இருப்பார்கள்.
பெட்டியை அணைத்தால்
ஒருவரையும் அதற்குத் தெரியாது.

ஐந்தரைக்கு முடிந்தது.
பால்காரர் மணி.
புது ராம் ஆயிரத்து எண்ணூறு சொல்லுகிறான் ஜங்ஷன் கடையில்,
அண்ணாச்சி பாக்கி வைக்காமல் தந்தால் பார்க்கலாம்.