பன்னிரண்டு சென்ட்

"நன்செய் நிலம் ஐந்து ஏக்கருக்கு மேல்.
விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது."
குறுஞ்செய்தி வந்த அன்று
தையல்நாயகி சத்தமாகச் சிரித்தாள் என்று
படுகைத் தெருவில் பேச்சு.
நான் பார்க்கவில்லை.
நான் தலையாரி. என் எதிரில் யாரும் அப்படிச் சிரிப்பதில்லை.
எனக்கும் அந்த ஆயிரம் கிடையாது.
அரசு ஊழியர் என்ற கணக்கில் வருகிறேனாம்;
சம்பள நாளில் மட்டும் அது யாருக்கும் நினைவிருக்காது.

மேல்முறையீட்டில் அவள் எழுதியிருந்தது ஒரு வரி:
"வந்து பார்க்கவும்."

போனோம்.
ஆர்.ஐ. இன்பராஜ், அவருடைய கைபேசி, நான்,
என் தோள்பையில் மகஜர் தாள்கள்,
செத்துப்போன மாமனார் பெயரில் பட்டா நகல்:
ஐந்து ஏக்கர் பன்னிரண்டு சென்ட்.
கொள்ளிடக் கரையில் நின்று அவள் கை நீட்டினாள்.
தண்ணீர்.

"அந்த நாணல் திட்டு தெரியுதா சார்,
அதுக்கு இந்தாண்ட மேட்டு வயல்.
அங்க களம். அங்க போர் செட்டு."
போர் செட்டுக்கு மேலாக
ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று
அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
பதினைந்து மாவில் மூன்று மா கரையில் மிச்சம்,
அதில் உளுந்து.

செயலி சொன்னது:
நீங்கள் புலத்திலிருந்து நூற்று நாற்பது மீட்டர் தொலைவில் உள்ளீர்கள்.
அருகில் செல்லவும்.

ஆர்.ஐ. செருப்பைக் கழற்றினார்.
மாட்டினார்.
மறுபடி கழற்றினார்.

வைரக்கண்ணுவின் வலைப்படகில் ஏறினோம்.
நடு ஆற்றில் திரை பச்சையானது.
"இப்ப என் வயல்ல நிக்கிறீங்க" என்றாள்,
வீட்டுக்கு வந்தவர்களை உட்காரச் சொல்லும் குரலில்.

பயிர் என்ன?
நெல், கரும்பு, வாழை, பருத்தி, தரிசு.
ஆறு என்று ஒரு கட்டம் இல்லை.
அவர் விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று
தரிசில் இறங்கியது.
புகைப்படத்தில் நானும் இருக்கிறேன்,
படகு விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

நல்ல மனுசன்தான். அதையும் சொல்ல வேண்டும்.
கரைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
"ஒரு வழி இருக்கும்மா.
ஆத்துல போன சர்வே நம்பரை
வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுங்க.
பன்னிரண்டு சென்ட் குறைஞ்சாப் போதும்,
பணம் ஏறிடும்."
நான் பேனா மூடியைக் கழற்றி நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை.
உள்ளே போய் ஜவுளிக்கடைப் பை ஒன்றை எடுத்துவந்து
திண்டில் கொட்டினாள்.
கிஸ்தி ரசீதுகள்.
நிலம் போன பிறகும் நாலு பசலி, ஒன்றும் தவறாமல்.
வருசா வருசம் வாசலில் நின்று
கேட்டு வாங்கிப்போனவள் நான்.
எந்த வயலுக்கு என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

"எங்க மாமனார் சின்ன வயசுல ஒரு தடவ போச்சாம் சார்.
பதினோரு வருசம் கழிச்சு மண்ணு மேல வந்துச்சாம்.
ரசீது வச்சிருந்தவனுக்கு வயலு.
இல்லாதவன் வயலு புறம்போக்கு."

காற்றில் ஒரு ரசீது புரண்டது. மிதித்து நிறுத்தினாள்,
பிறகு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.
"எழுதிக் குடுக்க கடைசி தேதி இருக்கா?"
"பதினஞ்சு நாள்."
"ஆத்துக்கு?"

ஆர்.ஐ. செயலியில் ஏதோ தேடினார்.
என் கையில் பேனா திறந்தே இருந்தது.

வைரக்கண்ணு படகை இழுத்துக் கட்டிவிட்டு
தலையைச் சொறிந்தான். வாடகை.
அரசுப் பயணப்படியில் படகுக்கு இனம் கிடையாது.
இன்பராஜ் சட்டைப்பையைத் தடவும்போதே
முந்தானை முடிச்சிலிருந்து அறுபது ரூபாயை
எண்ணிக் கொடுத்தாள் அவள்.
"இருக்கட்டும் சார்,
என் வயலுக்குத்தானே போயிட்டு வந்தோம்."