எர்த்

நானூற்றைம்பது யூரோவுக்கு வந்தது
எல்க் மான் மோதி முகம் நசுங்கிய
தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து வோல்வோ.
விளக்கின் இடுக்கில் இன்னும் மயிர் ஒட்டியிருந்தது.
அதன் எஞ்சினைக் கழற்றி
என் அறுபத்தேழாம் வருஷத்து அமேசானுக்குள் இறக்க
ஒரு சனிக்கிழமை போதுமாயிருந்தது,
வாடகைக்கு எடுத்த சங்கிலிக் கப்பியும்
மச்சான் தைஸ்தோவின் முதுகும் இருந்ததால்.

எஞ்சின் இரும்பு.
எங்கே இருக்கிறதென்று கைக்குத் தெரியும்.
ஒயர் அப்படியில்லை.
உருவி எடுத்த ஒயர்க்கட்டு ஷெட் தரையில் கிடந்தது
மீன் எதுவும் அகப்படாத வலை மாதிரி.
முக்கால்வாசி எனக்கு ஆகாதது:
இருக்கையைச் சூடாக்க, பெல்ட் போடச் சொல்ல,
பின்கண்ணாடியில் பனி உருக்க.
வேண்டாததை வெட்டிவிடு என்றான் தைஸ்தோ.
வெட்டலாம்,
எது என்று தெரிந்தால்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று.
பழுப்பும் அதே வீட்டுப் பிள்ளை.
பட்டாளத்தில் கண் பார்த்தவர்
புள்ளிகளைக் காட்டி என்ன எண் என்றார்.
புள்ளி என்றேன்.

முதல் வாரம் ஹில்க்கா நிறம் சொன்னாள்.
ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இரவு வேலை முடித்து
கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்து:
"பச்சையில் சிவப்புக் கோடு.
இது சிவப்பில் பச்சைக் கோடு."
"நிச்சயமா?"
"கேட்காதே, தூக்கம் வருகிறது."
நாற்பத்தோராவது ஒயரில் தூங்கிப்போனாள்.
ஹீட்டர் அவள் பூட்ஸில் இருந்த பனியைச்
சிறுகச் சிறுகக் குட்டையாக்கியது.

அதற்குப் பிறகு மீட்டர்தான்.
ஒரு முனை கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னில்
மறுமுனை கையில் அகப்பட்ட ஒயரில்.
கத்தினால் சொந்தம்.
கத்தாவிட்டால் அடுத்த வீடு.
ஒவ்வொன்றுக்கும் வெள்ளை டேப், டேப்பில் பென்சில் எழுத்து;
மைனஸ் பத்தொன்பதில் பேனா எழுதாது,
ஒயர் உறையும் வளைத்தால் பொட்டென்று தெறிக்கும்.
ஹில்க்காவின் ஹேர் டிரையரைக் கொண்டுவந்தேன்.
இன்றுவரை அவள் கேட்கவில்லை.

பிப்ரவரி கடைசியில் சாவியைத் திருப்பினேன்.
ஸ்டார்ட்டர் சுற்றியது. பம்ப் முனகியது.
பெட்ரோல் வாசம்கூட வந்தது.
பொறி மட்டும் இல்லை.

என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன், வேறு யாரை?
எங்கோ ஒரு பச்சையைச் சிவப்பென்று கட்டியிருப்பேன்.
பதினோரு ராத்திரி டேப்பைப் பிரித்தேன், சுற்றினேன், பிரித்தேன்.
எல்லா ஒயரும் கத்தியது.
ஒன்றுகூடப் பொய் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் ராத்திரி, சும்மா, அலுத்துப்போய்,
மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து
இன்னொன்றை ஃபெண்டரில் இருந்த எர்த் போல்ட்டில் வைத்தேன்.
இக்னிஷன் பெட்டி சாய்ந்திருப்பதே அந்த போல்ட்டில்தான்.
சத்தமே இல்லை.

பெயின்ட்.
போன கோடையில் நானே அடித்தது, மூன்று கோட்,
வாழ்நாளில் ஒழுங்காக நான் அடித்த ஒரே பெயின்ட்.
கடைக்காரர் பச்சை என்றார், நம்பி வாங்கினேன்.
போல்ட்டின் மறைகூட அதைக் குடித்திருந்தது.

மின்சாரத்துக்கும் போய்ச்சேர ஒரு மண் வேண்டும்.

உப்புக்காகிதம் எடுத்தேன்.
தேய்க்க மனசு வரவில்லை, அதுவும் உண்மை.
இரண்டு யூரோ நாணயம் அளவுக்குத் தேய்த்தேன்.
அடியில் தகரம் வெள்ளையாகப் பல் காட்டியது.
அந்த நிறம் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஹில்க்கா பக்கத்து இருக்கையில்,
மடியில் தீயணைப்பான், முகத்தில் அவநம்பிக்கை.
இரண்டாம் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.
"டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது" என்றாள்.
இரண்டு வாட் பல்பு; அது வழியில் இல்லாவிட்டால்
ஆல்டர்னேட்டர் கண் விழிக்காது.
ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினேன்.
அணைந்தது.
"போச்சா?" என்றாள்.
"வந்துவிட்டது" என்றேன்.

ஹார்ன் அடித்தால் வைப்பர் ஓடுகிறது.
அதை ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம்.