கடுகளவு பரு

லாரிச் சக்கரத்தில் எடை சரிபார்க்க அடிக்கும்
ஈயத் துண்டுகளை
ஓசூரிலிருந்து என் தம்பி சின்னமாதன்
பிஸ்கட் டப்பாவில் கொண்டுவருவான்.
பஸ்ஸில் யாராவது கேட்டால் தூண்டிலுக்கு என்பான்.
அஞ்செட்டிப் பக்கம்
எந்த ஓடையில் அவ்வளவு மீன்?

ருத்ரப்பனுக்குக் கை நடுங்கும்.
சாராயம் இல்லை, பிறவியிலேயே அப்படி.
சுடும்போது மட்டும் நடுங்காது.
அதனால் ஊற்றுவது நான்.

தூறல் நாளில் அடுப்புப் பக்கமே போகமாட்டேன்.
ஒரு சொட்டு விழுந்தால் போதும்,
ஈயம் எகிறி மூஞ்சியில் அடிக்கும்.
இடது புருவத்தில் முடி முளைக்காத இடம்
அப்படி வந்ததுதான்.
நாகவேணியை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு
வெளி அடுப்பில் துவரைமார் மூட்டி
இரும்புக் கரண்டியை வைத்தால்
வெகுநேரம் ஒன்றும் நடக்காது.
பிறகு ஒரு ஓரம் தளரும்.
பிறகு எல்லாம் ஒரே சமயத்தில்.
மேலே படியும் சாம்பல் ஆடையை ஒதுக்கினால்
அடியில் என் முகம்.

பித்தளை அச்சு, இரண்டு பாதி.
மூடினால் கோழிமுட்டை அளவு,
கனம் மட்டும் அதற்கு எத்தனையோ மேல்.
சூடேறாத அச்சில் குண்டு
சுண்டைவற்றல் மாதிரி சுருங்கி வரும்.
முதல் மூன்றும் திரும்பக் கரண்டிக்கு.
நாலாவது சாம்பலில் விழும்,
சத்தமே இல்லாமல்.
வாலைப் பாக்குவெட்டியால் நறுக்குவேன்.

அச்சின் குழிக்குள் எப்போதோ பட்ட ஒரு சிராய்ப்பு.
அதனால் எல்லாக் குண்டிலும்
கடுகளவு ஒரு பரு.
அரத்தால் தேய்த்துவிடு என்பார்.
பத்தில் எட்டைத் தேய்ப்பேன்.

கேழ்வரகு பால் பிடித்தால் பன்றிக்குத் தெரிந்துவிடும்.
ஒரு ராத்திரி போதும் அதற்கு,
மறுநாள் வயல்
யாரோ உருண்டு படுத்த பாய்.
அக்கம்பக்கத்திலும் கேட்பார்கள்.
ஒரு படி கொள்ளுக்குப் பன்னிரண்டு குண்டு.
கணக்கு எழுதுவதில்லை. எனக்கு மறப்பதுமில்லை.

ஆவணியில் ஓடை முக்கில்
ஒரு மக்னா யானை சாய்ந்து கிடந்தது.
பெண்கள் கற்பூரம் ஏற்றப் போனோம்.
முன்காலில் பழைய புண், சீழ், ஈ.
டாக்டர் முழங்கை வரை கையுறை போட்டு
உள்ளே துழாவி எடுத்ததை
எவர்சில்வர் தட்டில் போட்டார்.
டங் என்றது.
ஆறு மாசமாவது இருக்கும் என்றார்,
இதை வெச்சுக்கிட்டே நடந்திருக்கு.

நான் நெற்றியில் குங்குமம் வைக்கக் குனிந்தேன்.
தட்டு பக்கத்தில்.
பரு இருந்தது.

ரேஞ்சர் எல்லோரையும் பார்த்தார்.
எல்லோரும் யானையைப் பார்த்தார்கள்.

ஆறு மாசம் என்றால் மாசி.
மாசியில் கெம்பய்யன் வீட்டுக்கு ஆறு.
பசவன் கொட்டாய்க்கு நாலு.
மீதி ருத்ரப்பன் இடுப்புப் பையில்.
மாசியில்
யார் வயலிலும் கதிர் கிடையாது.
ஊற்றும்போது அது ஏன் எனக்குத் தோன்றவில்லை?
தோன்றியிருக்கும்.
கொள்ளு நல்ல கொள்ளு.

மறுவாரம் ஜீப்பில் மைக் கட்டி வந்தார்கள்.
உரிமம் இல்லாததை ஒப்படைத்தால்
வழக்கு இல்லை, பெயர் கேட்கமாட்டோம்.
விடியும்போது புளியமரத்தடியில்
கோணியில் சுற்றி ஏழு கிடந்தன.
ஒன்று எங்களுடையது.
துப்பாக்கியைக் கேட்டார்கள்.
அச்சை யாரும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி அதைக் கரண்டியில் வைத்தேன்.
இரண்டு கட்டுத் துவரைமார்
எரிந்து முடிந்தது.
ஈயம் உருகுகிற அடுப்பில் பித்தளை உருகாது.
கருத்தது, அவ்வளவுதான்.
ருத்ரப்பன் கட்டிலில் புரண்டு படுத்தார்.
தூங்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.
நானும் கேட்கவில்லை.

இப்போது நாகவேணி அதை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.
ஏரிக் களிமண்ணை அடைத்து, அமுக்கி, தட்டி,
உண்டிவில்லுக்கு உருண்டை.
சுளகில் பரப்பி வெயிலில் காயவைத்திருக்கிறாள்.
ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவினேன்.
இன்னொன்றை.
அம்மா, எண்ணி வெச்சிருக்கேன், கலைக்காதே
என்றாள்.