வள்ளம் போகும் தோடு

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு, மகரம் ஒன்பது.
மலையாள எழுத்து. பதினொன்றரை சென்ட் தென்னை விளை.
தெற்கு: வள்ளம் போகும் தோடு.
மேற்கு: கரிவண்டி நிற்கும் இடம்.
கிழக்கு: பீர்க்கண்ணு வகை சினிமாக் கொட்டகை.
வடக்கைக் கறையான் தின்றிருந்தது.

ரோஸ்பாய் அந்த ஆதாரத்தை
ரேஷன் பையில் சுருட்டிக் கொண்டுவந்தாள்.
மகனுக்குத் தானப் பத்திரம், அதன்மேல் வீட்டுக் கடன்.
"பேங்குக்காரன் தோடு எங்கன்னு கேக்கான்.
நான் எங்க போயி தோண்டி எடுத்துக் காட்ட?"

பத்திரம் எழுதிப் பிழைப்பவள் நான்.
இருபத்திரண்டு வருஷம்
பார்க்காத நிலத்துக்கெல்லாம் எல்லை சொன்னவள்.
அன்றைக்கு என்னவோ, ஸ்கூட்டரை எடுத்தேன்.

குளச்சலில் உப்புக் காற்று.
தெற்கே ஒரு பேக்கரி, ஒரு மொபைல் கடை,
பின்னால் ஒரே எட்டில் தாண்டும் அகலத்தில்
கறுப்புத் தண்ணீர், ஆகாயத்தாமரை, யாரோ எறிந்த ஹெல்மெட்.
ராஜாக்கள் பெயரும் ராணி பெயரும் கோத்துச் சூட்டிய கால்வாய்
மூன்றெழுத்தாகச் சுருங்கி
"ஏவியெம்மா? சினிமா கம்பெனியா அக்கா?" என்று
பேக்கரிப் பையன் கேட்கும்வரை வந்திருந்தது.

அவன் கேட்டதும் முழுத் தப்பில்லை.
ரோஸ்பாயின் மாமனார் கழுக்கோல் ஊன்றியவர்,
தேங்காப்பட்டணம்வரை கதம்பையும் கருப்பட்டியும்.
இரண்டாம் ஆட்டம் தொடங்கும் நேரம் பார்த்து
கொட்டகையின் பின்புறம் வள்ளத்தைக் கட்டுவாராம்.
திரை வெறும் துணி. தோட்டுப் பக்கமும் படம் தெரியும்,
காசில்லாமல், ஆனால் இடம் வலமாக.
கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான்,
மணமேடையில் பெண் மாறி உட்கார்ந்திருப்பாள்.
எழுத்தெல்லாம் திரும்பி ஓடும்,
அது வள்ளக்காரர் யாருக்கும் குறையாகப் படவில்லை.
ஒருமுறை காசு கொடுத்து உள்ளே போய்ப் பார்த்தவர்
பாதியில் எழுந்து வந்துவிட்டார்:
"எல்லாம் தப்பா காட்டுகான்."

மேற்கு எல்லைக்குச் சாட்சி தானாக வந்தது.
செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டிய சுவாமியடியான்
நாலடியில் நிறுத்திக் கூப்பிட்டார்.
மண்ணுக்கு நடுவில் ஒரு முழக் கனத்தில் கரி.
சண்டைக் காலம், பெட்ரோல் இல்லை.
விடியுமுன் கிளீனர் துருத்தி சுற்றத் தொடங்கினால்
ஏழு மணிக்கு பஸ் இருமும்.
திங்கள்சந்தை தாண்டி ஏற்றம் வந்தால்
டிக்கெட் எடுத்தவனும் இறங்கித் தள்ளவேண்டும்.
நாகர்கோவிலில் கல்யாணம் என்றால்
இன்னொரு சட்டையைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஏறுவார்களாம்.

மேனேஜர் தர்மபுரிக்காரர், நல்ல மனுஷர்.
மேசைமேல் கரித்துண்டை வைத்து
"மேற்கு எல்லை, சார்" என்றாள் ரோஸ்பாய்.
அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு,
கடைசியில் ஒரு டிஷ்யூ பேப்பரைத் தள்ளினார்.
கரியை அதன்மேல் வைக்கச் சொன்னார்.

கம்ப்யூட்டர் பட்டியலில் எல்லைக்கு நான்கே வழி:
சாலை, கட்டடம், காலி மனை, மற்றவை.
மற்றவையை அழுத்தினேன்.
டைப் அடிக்கும் அஜிலா திரும்பிப் பார்த்தாள்:
"போகும்னா இருக்கு? போனன்னு திருத்தட்டுமா அக்கா?"
மூலத்தில் உள்ளதை நகலில் மாற்றக் கூடாது.
அவளிடம் சொன்ன காரணம் அதுதான்.
போகும்.
ஆறு முறை கைமாறிய நிலம், ஆறு எழுத்தர்கள்,
கடைசி மூவரும் தண்ணீரையே பார்த்திருக்க மாட்டார்கள்,
ஒருவர்கூட அந்த ஒரு சொல்லைத் தொடவில்லை.

வடக்கே ஜெபஸ்டின் வீடு.
அதில் சந்தேகமே இல்லை, குக்கர் விசில் கேட்டது.

எழுத்துக் கூலி எண்ணூறு. ஐம்பது குறைத்தேன்.
படியிறங்கிய ரோஸ்பாய் திரும்பி வந்தாள்,
பேங்கில் வைத்துவிட்டு வந்த கரித்துண்டை
யாரிடம் கேட்டு வாங்குவது என்று.